என் கணினியில் மட்டும் ஓடிய மென்பொருள்

2019 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்கு நான் கிளம்பியபோது என் பையில் எங்கள் ஆய்வை விளக்கும் சுருட்டிய போஸ்டர் ஒன்றும், என் மடிக்கணினியில் தவிர வேறெங்கும் ஒழுங்காக ஓடாத மென்பொருள் ஒன்றும் இருந்தன. மென்பொருளின் இந்த நிலை எனக்கே அங்கு மாநாடு தொடங்கிய மூன்றாம் நாள்தான் தெரிந்தது. திறமூல மென்பொருள், அதாவது மூலக்குறிமுறையை எவருக்கும் திறந்து வைக்கும் மென்பொருள், எழுதுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் சிறு ஆய்வகங்களில் என்னைப் போல் இன்னும் பலர் இருக்கக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் போனது, உயிரியல் தரவைக் கணினியால் ஆராயும் துறையான உயிர்த்தகவலியலின் திறமூல மாநாட்டுக்கு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அதைப் 'பாஸ்க்' என்பார்கள். 2000-ஆம் ஆண்டில் தொடங்கி ஓராண்டும் விடாமல் நடந்துவரும் இந்த மாநாட்டுக்குப் பாசெல் கூட்டம் இருபதாவது. பெரும்பாலான ஆண்டுகளில் இது ஐஎஸ்எம்பி என்ற மிகப் பெரிய கணினி உயிரியல் மாநாட்டின் உள்ளே ஒரு பிரிவாக நடக்கிறது. நடத்துபவர்கள் அனைவரும் தன்னார்வலர்கள். பின்னணியில் இருப்பது, பயோபெர்ல், பயோபைத்தான், பயோஜாவா, பயோரூபி போன்ற நிரல் தொகுப்புகளுக்குத் துணைநிற்கும் திறந்த உயிர்த்தகவலியல் அறக்கட்டளை. பாசெலில் இரண்டு நாட்களில் 46 உரைகளும் 55 போஸ்டர்களும் இடம்பெற்றன. அதன் பிறகு இன்னும் இரண்டு நாட்கள், கட்டணமின்றி, 'கோஃபெஸ்ட்' என்ற கூட்டுப்பணி நடந்தது. முதல் இரண்டு நாட்களுக்காகப் பணம் செலவழித்துப் போன நான், உண்மையில் எதையாவது கற்றேன் என்றால் அது அந்த இலவச இரண்டு நாட்களில்தான்.

எங்கள் மென்பொருள் பெரியதொன்றும் அல்ல. நெல்லின் மரபணுப் பட்டியலை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் உள்ள 500 காரங்களை (டிஎன்ஏவின் எழுத்துகளை)க் கொண்ட பகுதியை, அதாவது அந்த மரபணுவை முடுக்கும் பகுதி இருக்கக்கூடிய இடத்தை, குறித்து ஒரு கோப்பாகத் தரும். பிறகு, பல நெல் ரகங்களுக்கிடையே காணப்படும் ஓரெழுத்து வேறுபாடுகளில் எவை அந்தப் பகுதிக்குள் விழுகின்றன என்று பட்டியலிடும். பைத்தானில் ஏறத்தாழ 900 வரி. எங்கள் ஆய்வகத்தில் ஐந்தாறு பேர் அதை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரும் பயன்படுத்தியதில்லை. ஆனால் குறிமுறை, நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் எங்கள் களஞ்சியத்தில் இருந்தது, ஆகவே அது திறமூலம் என்று நாங்கள் நம்பினோம்.

அந்த நம்பிக்கைக்கு முதல் அடி ஆய்வுச்சுருக்கம் அனுப்பும்போதே விழுந்தது. இந்த மாநாட்டில் ஒரு மென்பொருளைப் பற்றிப் பேச வேண்டுமானால், அனுப்பும் நாளிலேயே அதன் மூலக்குறிமுறை எவரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். திறமூல முன்னெடுப்பு அமைப்பு ஏற்றுக்கொண்ட உரிமங்களில் ஒன்று அதற்கு இருக்க வேண்டும். அந்த உரிமத்தின் பெயரையும் குறிமுறையின் முகவரியையும் சுருக்கத்திலேயே எழுத வேண்டும். "கட்டுரை வெளியான பிறகு தருகிறோம்" என்ற வழக்கமான வாக்குறுதி அங்கே செல்லாது. எங்கள் களஞ்சியத்தில் உரிமக் கோப்பே இல்லை. உரிமம் இல்லாத குறிமுறையை எவரும் பார்க்கலாமே தவிர, சட்டப்படி அதை மாற்றவோ மறுபடி வெளியிடவோ அவர்களுக்கு அனுமதி இல்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. மூத்த சக ஊழியர் ஒருவரிடம் சொன்னேன். "நம்ம சர்வர்ல ஓடுதுல்லங்க, அப்புறம் என்ன?" என்றார். நியாயமான கேள்விதான்.

உரிமம் போடுவதென்றால் ஒரு கோப்பைச் சேர்த்தால் முடிந்தது என்று நினைப்பவர்கள், முதலில் அந்தக் குறிமுறை யாருடையது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எழுதியது என்பதால் பதிப்புரிமை நிறுவனத்திடம் இருந்தது. அதிகம் கட்டுப்படுத்தாத எம்ஐடி உரிமத்தில் வெளியிடலாம் என்று ஒரு பக்கக் கடிதம் வாங்க ஏழு வாரங்கள் ஆயின. அதற்குள் இன்னொன்று கிளம்பியது. மரபணுவின் முன்பகுதியைக் கணக்கிடும் சிறு பகுதி, எங்களில் ஒருவர் முன்பொரு நாள், அதைக் கொண்டு செய்து வெளியிடுவதும் அதே உரிமத்தில் இருக்க வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் உள்ள வேறொரு கருவியிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. ஜிபிஎல் குறிமுறையை உள்ளே வைத்துக்கொண்டு முழுவதையும் எம்ஐடி என்று அறிவிக்க முடியாது. ஒன்று, மொத்தத்தையும் ஜிபிஎல் ஆக்க வேண்டும். அல்லது அந்த நாற்பது வரிகளை நாமே புதிதாக எழுத வேண்டும். நிறுவனக் கடிதம் எம்ஐடிக்கு வந்துவிட்டதால் இரண்டு மாலைகளில் நானே எழுதினேன். அந்த நாற்பது வரிகளை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுருக்கம் போஸ்டராக ஏற்கப்பட்ட செய்தி மே மாதத்தில் வந்தது. மாநாடு ஜூலைக் கடைசியில். இடையில் ஷெங்கன் விசாவுக்கான நேரம் கிடைப்பது, வங்கிக் கணக்கறிக்கை, பயணக் காப்பீடு, நிறுவனத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று என்று எல்லாம் நடக்க வேண்டும். ஏற்புச் செய்தி வந்த அன்றே அழைப்புக் கடிதம் கேட்டுவிடுங்கள். அதில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். முதலெழுத்தா தந்தை பெயரா என்ற நம்முடைய நிரந்தரக் குழப்பத்தால் எனக்கு ஒரு கடிதம் இருமுறை எழுதப்பட்டது. இத்தகைய கூட்டங்களுக்கு வர வசதியில்லாதவர்களுக்காக மேற்சொன்ன அறக்கட்டளை 2016 முதல் பயண உதவித்தொகை வழங்கிவந்தது. அதன் கடைசித் தேதி சுருக்கத்தின் கடைசித் தேதியோடு ஒத்துப்போகாது என்பதை நான் கவனிக்கவில்லை, தவறவிட்டேன். ஆக, பாதிச் செலவு என் சேமிப்பு.

பாசெலில் அந்த வாரம் ஐரோப்பாவையே வாட்டிய வெப்ப அலை. 35 பாகையைத் தாண்டியது. நம் ஊர்க் கோடையில் வளர்ந்தவனுக்கு இது என்ன என்று இறுமாந்திருந்தேன்; மின்விசிறியே இல்லாத விடுதி அறை என் இறுமாப்பை முதல் இரவே தீர்த்துவைத்தது. மாலையில் அலுவலகம் முடிந்தவர்கள் மீன் வடிவிலான நீர்புகாப் பைக்குள் துணிகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு ரைன் நதியில் இறங்கி, நீரோட்டத்தின் போக்கிலேயே மிதந்து போவதைப் பாலத்தின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது சுகமாக இருந்தது.

மாநாட்டின் இரண்டு நாட்களைப் பற்றி ஒரு குறை, ஒரு நிறை. குறை என்னுடையது: எல்லா உரைகளையும் கேட்டுவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிட உரைகள் அடுத்தடுத்து வரும்போது பத்தாவது உரைக்கு மேல் எதுவும் மனதில் நிற்பதில்லை. அனுபவமுள்ளவர்கள் பாதி நேரம் வெளியே காபி மேசையருகே நின்றிருந்தார்கள். தாங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு கருவியை எழுதியவர் அங்கே கோப்பையுடன் நிற்கிறார், அவரிடம் நேராகப் போய் நீண்ட நாள் சந்தேகத்தைக் கேட்கலாம் என்பதுதான் இந்த மாநாட்டுக்கு வருவதன் பயன் என்று எனக்கு இரண்டாம் நாள்தான் புரிந்தது.

நிறை, கேப் டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கோலா மல்டர் ஆற்றிய சிறப்புரை. ஆப்பிரிக்காவில் பொறுப்புள்ள திறந்த அறிவியலுக்கான கட்டமைப்பை உருவாக்குவது பற்றிய உரை அது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் உள்ள ஆய்வகங்களை இணைக்கும் எச்3ஏ பயோநெட் வலையமைப்பை அவர் அப்போது வழிநடத்திவந்தார். 'திறந்த' என்ற சொல்லுக்கு முன்னால் 'பொறுப்புள்ள' என்ற சொல் ஏன் வருகிறது என்று யோசித்தபடியே எழுந்தேன். தரவைத் திறந்து வைத்தால், வேகமான இணையமும் பெரிய கணினிகளும் உள்ளவர் முதலில் அள்ளிக்கொண்டு போவார். தரவு சேகரித்தவர் இன்னும் இறக்கிக்கொண்டே இருப்பார். மென்பொருளுக்கும் இது பொருந்தும். தேவையான எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்த, சில ஜிகாபைட் அளவுள்ள கொள்கலனாக மட்டும் ஒரு கருவியை வெளியிடுபவர், மாலை நான்கு மணிக்கு மேல் இணையம் தவழும் எங்கள் வளாகத்தைப் போன்ற இடங்களுக்குக் கதவைப் பாதிதான் திறக்கிறார்.

என் போஸ்டருக்குப் பதினொரு பேர் வந்தார்கள். எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்களில் ஏழு பேர் கேட்ட முதல் கேள்வி ஒன்றே: "கோண்டாவில் இருக்கிறதா?" பயோகோண்டா என்பது உயிரியல் மென்பொருள்களை ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ள உதவும் தொகுப்பு வழி, சார்ந்திருக்கும் மற்ற நிரல்களையும் சரியான பதிப்பில் அதுவே கொண்டுவந்து தரும். இல்லை என்றதும் புன்னகைத்துவிட்டு நகர்ந்தார்கள். நான் போஸ்டரில் வழிமுறைப் படத்துக்கு முக்கால் பங்கு இடம் கொடுத்திருந்தேன். நிறுவும் கட்டளை எங்குமே இல்லை. இப்போது போஸ்டர் செய்யும் இளையவர்களுக்கு நான் சொல்வது, அந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் மேலே போடுங்கள், போட முடியாத நிலையில் இருந்தால் போஸ்டரை ஒத்திப்போடுங்கள் என்பதுதான்.

மூன்றாம் நாள் கோஃபெஸ்ட். ஏறத்தாழ 50 பேர். காலையில் ஒவ்வொருவராக எழுந்து தான் எதில் வேலை செய்ய விரும்புகிறேன், எனக்கு என்ன உதவி தேவை என்று சொல்ல வேண்டும். பிறகு ஒத்த ஆர்வமுள்ளவர்கள் ஒரு மேசையில் கூடுகிறார்கள். இப்படிக் கூடியவர்களால் என்ன நடக்கும் என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்லும் உதாரணம் 2014-இல் பாஸ்டனில் நடந்தது: அந்த ஆண்டின் கூட்டுப்பணியில் நான்கு பொறியாளர்கள், பல நிரல்களை வரிசையாக ஓட்டும் வெவ்வேறு பணிப்போக்குக் கருவிகளுக்கிடையே பொதுவான ஒரு விவரிப்பு மொழி வேண்டும் என்று பேசத் தொடங்கியதிலிருந்துதான் இன்றைய பொதுப் பணிப்போக்கு மொழியான சிடபிள்யூஎல் பிறந்தது. எனக்கு அவ்வளவு பெரிய ஆசை இல்லை. "எங்கள் கருவியைப் பயோகோண்டாவில் சேர்க்க உதவி வேண்டும்" என்றேன். முன்கூட்டியே சிறு சிறு வேலைகளாகப் பிரித்து எழுதி எடுத்து வராததால், யாரிடம் எதைக் கொடுப்பது என்று தெரியாமல் அந்த முற்பகலை வீணடித்தேன். வருபவர்கள் இருபது நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை பிடிக்கும் வேலைகள் ஐந்தாறையாவது எழுதி வையுங்கள். நிரல் எழுதத் தெரியாதவர் செய்யக்கூடியது ஒன்றும் அதில் இருக்கட்டும்.

பிற்பகலில், தாவர மரபியலில் முனைவர் பட்டம் செய்துகொண்டிருந்த மாணவி ஒருவர் என் எதிரே வந்து அமர்ந்தார். தொகுப்பு செய்வதற்கு முன் ஒரு தடவை தான் நிறுவிப் பார்ப்பதாகவும், நான் அருகில் இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். பரீட்சை எழுதுகிறவனின் தகப்பன் போல உட்கார்ந்திருந்தேன்.

பயன்படுத்தும் முறையைச் சொல்லும் ரீட்மீ கோப்பின் முதல் வரி, "வழக்கம்போல் நிறுவவும்". அவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். எப்படியோ நிறுவி, ஓட்டியதும் அச்சிடும் வரி ஒன்றில் பிழை காட்டி நின்றது. அது பைத்தான் 2-இன் எழுத்துமுறை. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த காலம் அது. அவருடைய கணினியில் பைத்தான் 3 மட்டும்தான் இருந்தது. அதைத் திருத்திக்கொண்டு மாதிரித் தரவுக்கான இணைப்பைச் சொடுக்கினார். பக்கம் சுழன்றுகொண்டே இருந்தது. முகவரி 192.168 என்று தொடங்கியது. அது எங்கள் வளாகத்துக்குள் மட்டுமே எட்டும் முகவரி. இரண்டு ஆண்டுகளாக ரீட்மீயில் இருக்கிறது. எங்களுக்கு அது எப்போதும் திறந்தது, ஆகவே ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் தன்னுடைய சொந்த மரபணுப் பட்டியலைக் கொடுத்துப் பார்த்தார். இம்முறை ஒரு பிழையும் இல்லாமல் ஓடி முடிந்து, காலிக் கோப்பு ஒன்றைத் தந்தது.

பிழை காட்டி நிற்கும் நிரலை விட, பிழையே காட்டாமல் காலிக் கோப்பைத் தரும் நிரல் ஆபத்தானது. அவருடைய பட்டியலில் குரோமோசோம்கள் வெறும் 1, 2, 3 என்று பெயரிடப்பட்டிருந்தன. என் நிரல் முன்னால் மூன்றெழுத்துச் சேர்த்த பெயர்களையே எதிர்பார்த்தது. எதுவும் பொருந்தவில்லை, ஆகவே எதையும் எழுதவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது அரை நாளை இழந்திருக்கக்கூடிய பொருத்தமின்மை இது. இரண்டு கோப்புகளிலும் உள்ள பெயர்களை முதலிலேயே ஒப்பிட்டு, ஒன்றுகூடப் பொருந்தாவிட்டால் நின்றுவிடும்படி ஒரு சரிபார்ப்பை அவரே எழுதிக் கொடுத்தார். ஆறு வரி.

பெயர்களைச் சரிசெய்த பின் கோப்பு நிரம்பி வந்தது. நான் மூச்சுவிட்டேன். அவர் விடவில்லை. முடிவிடம் உள்ள மூன்றாம் நெடுவரிசையிலிருந்து தொடக்கம் உள்ள இரண்டாம் நெடுவரிசையைக் கழித்து, எத்தனை வகை விடைகள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தார். ஒவ்வொரு பகுதியும் 500 காரங்கள் என்பதால் ஒரே ஒரு எண்தான் வர வேண்டும். வந்தவை இரண்டு: ஏறத்தாழப் பாதி 500, மீதிப் பாதி 499.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரமாயிற்று. மரபணுப் பட்டியல் இருந்த ஜிஎஃப்எஃப் வடிவத்தில் எண்ணிக்கை 1-இலிருந்து தொடங்கும், முடிவிடமும் உள்ளே சேரும். நாங்கள் எழுதித் தரும் பெட் வடிவத்தில் எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்கும், முடிவிடம் சேராது. 1001 முதல் 2000 வரை உள்ள ஒரு மரபணுவை எடுத்துக்கொள்வோம். டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் அது நேர் இழையில் இருந்தால் அதன் முன்பகுதி 501 முதல் 1000 வரை. பெட்டில் எழுதினால் 500, 1000. இது சரியாகவே இருந்தது. எதிர் இழையில் இருந்தால் மரபணுவைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். ஆகவே முன்பகுதி 2001 முதல் 2500 வரை, பெட்டில் 2000, 2500. நான் எழுதியிருந்தது 2001, 2500. நேர் இழைக்கு ஒன்றைக் கழித்தவன் எதிர் இழையில் கழிக்க மறந்திருக்கிறேன். விட்டுப்போன அந்த ஒரு காரம், மரபணுவை ஒட்டியே இருக்கும் காரம்.

உரிமத்துக்காக நான் புதிதாக எழுதிய அந்த நாற்பது வரிகளில்தான் இது நுழைந்திருந்தது. பழைய குறிமுறையில் இல்லை. புதிதாக எழுதியபோது சோதனையும் எழுதினேன் என்ற பெருமை எனக்கு இருந்தது. சோதனைக்கு எடுத்த மூன்று மரபணுக்களும் நேர் இழையைச் சேர்ந்தவை. குறிமுறையை மாற்றி எழுத நேர்ந்தால், மாற்றுவதற்கு முன் பழையதன் முழு வெளியீட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, புதியதன் வெளியீட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சோதனையை எழுதுபவரும் குறிமுறையை எழுதியவரும் ஒருவராகவே இருந்தால், மறந்ததையே இரண்டாவது முறையும் மறப்பார்.

பக்கத்து மேசையிலிருந்த மூத்தவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டிஎன்ஏ வரிசைத்தரவு வைக்கும் ஃபாஸ்ட்கியூ வடிவத்தின் கதையைச் சொன்னார். அதில் ஒவ்வொரு எழுத்தின் நம்பகத்தன்மையும் ஒரு குறியாக எழுதப்படும். சாங்கர் முறையில் அந்த எண்ணோடு 33-ஐக் கூட்டிக் குறியாக்குவார்கள். வரிசையறியும் கருவிகளைச் செய்யும் இல்லுமினா நிறுவனத்தின் பழைய பதிப்புகளில் 64-ஐக் கூட்டினார்கள். கோப்பைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்; மாற்றிப் படித்தால் தர எண்களெல்லாம் தவறாகும். கடைசியில் பயோபைத்தான், பயோபெர்ல், பயோரூபி, பயோஜாவா, எம்பாஸ் ஆகிய ஐந்து தொகுப்புகளைச் சேர்ந்தவர்கள் கூடி, ஒரே விதத்தில் படிப்பது என்று முடிவுசெய்து, 2010-இல் அந்த வடிவத்தை விவரிக்கும் கட்டுரையைச் சேர்ந்தே வெளியிட்டார்கள். எனக்கு ஆறுதலாக இருந்ததா என்றால், கொஞ்சம்.

நான்காம் நாள் முழுவதும் தொகுப்பு வேலை. பயோகோண்டாவில் சேர்க்க, ஒரு செய்முறைக் கோப்பை எழுதி அவர்களுடைய களஞ்சியத்துக்குப் புல் ரிக்வெஸ்ட் (சேர்த்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பம்) அனுப்ப வேண்டும். எண்ணிடப்பட்ட வெளியீடு ஒன்று வேண்டும். எங்களிடம் அதுவரை அப்படி எதுவும் இல்லை, எப்போதும் "கடைசியாகப் போட்டது" மட்டும்தான். அந்த வெளியீட்டின் சரிபார்ப்புத் தொகை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறி), சார்ந்திருக்கும் நிரல்களின் பட்டியல், உரிமக் கோப்பு இருக்கும் இடம், நிறுவிய பின் ஓட்டிப் பார்க்க ஒரு சிறு கட்டளை ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். தானியங்கிச் சோதனை மூன்று முறை சிவப்பு காட்டியது. ஒருமுறை, ஒரு சார்பு நிரலின் பெயரை விட்டுவிட்டதால். அது என் கணினியில் எப்போதோ நிறுவப்பட்டு, இருப்பதே மறந்துபோன ஒன்று. மாலை ஆறு மணிக்குப் பச்சை வந்தது. மாணவி அதற்கு முன்பே ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

கோவை திரும்பியதும் முதல் வேலையாக, புதிய பதிப்பைக் கொண்டு கடந்த நான்கு மாதங்களின் முடிவுகளைத் திரும்ப ஓட்டினோம். விட்டுப்போன அந்த ஒற்றைக் காரத்தில் ரகங்களுக்கிடையே வேறுபாடு இருந்த மரபணுக்கள் எங்கள் தரவில் நான்கு. அவற்றில் ஒன்று, ஒரு மாணவரின் ஆய்வேட்டில் "வேறுபாடு ஏதுமில்லை" என்ற அட்டவணையில் இருந்தது. ஆய்வேடு இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை. அட்டவணையைத் திருத்தி, அடிக்குறிப்பு சேர்த்தார். பதிப்பு 0.4-இன் மாற்றக் குறிப்பில், பிழை என்ன, எந்தப் பதிப்பிலிருந்து இருந்தது, யாருடைய முடிவுகள் பாதிக்கப்படலாம், கண்டுபிடித்தவருக்கு நன்றி என்று நான்கு வரிகள் எழுதினேன். "இவ்வளவு விளக்கமா எழுதணுமா?" என்று அதே மூத்த சக ஊழியர் கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். அடுத்த வாரம் அவரே தன் கணினியில் இருந்த பழைய பிரதியை நீக்கிவிட்டு, கோண்டா வழியாக நிறுவிக்கொண்டார்.